மண்டையைப் பார்த்தவர்கள் தொடையைப் பார்க்கவில்லை



கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளை வைத்து, இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகம் அமைத்தார்கள் அல்லவா? 2025-இல் அந்தப் படங்கள் வந்தபோது நானும் இங்கே பகிர்ந்திருந்தேன். உங்களில் பாதிப் பேர் "எங்க மாமா மாதிரியே இருக்காரு சார்" என்று எழுதினீர்கள். ஒரு மாணவர் மட்டும் (கடைசி பெஞ்ச், இப்போது திருவெறும்பூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார்) வேறு மாதிரிக் கேட்டார்: "தலைய வெச்சு முகம் செஞ்சுட்டாங்க. மத்த எலும்ப வெச்சு அவரு என்ன வேலை பாத்தாருன்னு சொல்ல முடியுமா சார்?"

நாலு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை. அதனால்தான் தாமதம். நீளமாக எழுதப் போகிறேன், காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சொல்ல முடியும், ஓரளவுக்கு. அதற்கு முகத்தைவிட நல்ல சாட்சி தொடை எலும்பு. பழந்தமிழில் தொடைக்குக் குறங்கு என்று பெயர். உடம்பிலேயே நீளமான எலும்பு இதுதான். ஆளின் உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு. நிற்கும்போது, நடக்கும்போது, படி ஏறும்போது, தலையில் மூட்டை வைக்கும்போது எல்லாப் பாரமும் இதன் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது.

மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போகும் என்பது நமக்குத் தெரியும். எலும்புக்கும் ஒரு வகைக் காய்ப்பு உண்டு. எலும்பைச் சுண்ணாம்புக் கட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது உயிருள்ள பொருள். ஒரு பக்கம் கரைத்துக்கொண்டும் இன்னொரு பக்கம் கட்டிக்கொண்டும் இருக்கும் செல்கள் அதற்குள் இருக்கின்றன. எங்கே பாரம் விழுகிறதோ அங்கே கட்டும். பாரம் இல்லாத இடத்தில் கரைக்கும். விண்வெளியில் மிதக்கும் வீரர்களுக்கு இடுப்புப் பகுதி எலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைவது அதனால்தான். எதிர்ப்பக்கத்து உதாரணம் டென்னிஸ் வீரர்கள். 1977-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மட்டை பிடிக்கும் கையின் மேற்கை எலும்புச் சுவர் மற்றக் கையைவிட ஆண்களுக்குச் சுமார் 35 சதவீதமும் பெண்களுக்குச் சுமார் 28 சதவீதமும் தடித்திருந்தது. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே அப்பா அம்மா. வேலை மட்டும்தான் வேறு.

இதை முதலில் கண்டுபிடித்த கதையில் ஒரு பாலம் கட்டும் எஞ்ஜினீயர் வருகிறார். 1860-களில் ஜூரிக் நகரத்தில் மேயர் என்ற உடற்கூறு ஆசிரியர் தொடை எலும்பின் மேல்முனையை நீளவாக்கில் வெட்டி, உள்ளே இருக்கும் மெல்லிய எலும்பு இழைகளைக் காட்டினார். அவை வளைந்து வளைந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். அதைப் பார்த்த குல்மன் என்ற எஞ்ஜினீயர், "இது என் கிரேன் அல்லவா!" என்று கத்தினார் என்று ஒரு கதை உண்டு. பாரம் தூக்கும் கிரேனில் விசை ஓடும் கோடுகளை அவர் தாளில் வரைந்திருந்தார். எலும்பு அதையே இழையால் வரைந்திருந்தது. பிறகு 1892-இல் ஜூலியஸ் வொல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர், எலும்பின் வடிவம் அது செய்யும் வேலையைப் பின்தொடர்ந்து மாறும் என்று ஒரு புத்தகமே எழுதினார். உங்களில் ஆர்த்தோ டாக்டர்களானவர்கள் 'வொல்ஃப் விதி' என்று படித்திருப்பீர்கள்.

அடுத்த ஆண்டே, 1893-இல், நம் நாட்டிலிருந்து ஒரு கட்டுரை வருகிறது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

லாகூர் மருத்துவக் கல்லூரியில் ஹேவ்லாக் சார்லஸ் என்ற உடற்கூறு பேராசிரியர் இருந்தார். அவர் பஞ்சாபியரின் கால் எலும்புகளை ஐரோப்பியர் எலும்புகளோடு ஒப்பிட்டார். கணுக்காலில் இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தின் முன்விளிம்பில், பஞ்சாபியர் எலும்பில் வழவழப்பான சிறு முகப்புகள் கூடுதலாக இருந்தன. தொடை எலும்பின் கீழ்முனையில், முழங்காலுக்குச் சற்று மேலே பின்புறத்திலும் அப்படி ஓர் அடையாளம். ஏன் என்று யோசித்தவர் மேசையை விட்டு எழுந்து வெளியே பார்த்திருக்க வேண்டும். குடியானவர்கள், கடைக்காரர்கள், சமையல் செய்யும் பெண்கள் எல்லோரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாள் முழுக்கக் குந்தி உட்காரும்போது முழங்கால் முழுதாக மடங்கும். கணுக்காலில் எலும்போடு எலும்பு முட்டும். முட்டிய இடம் வழவழப்பாகிவிடும். இனத்தின் முத்திரை என்று மற்றவர்கள் நினைக்கக்கூடியதை, இது உட்காரும் பழக்கத்தின் முத்திரை என்று அவர் எழுதினார்.

அன்றைய காலத்தில் இது சின்ன விஷயமில்லை. 1886-இல் பெல்ஜியத்தில் ஸ்பீ குகையில் நியாண்டர்தால் எலும்புகள் கிடைத்தபோது, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல்முனை பின்பக்கம் சாய்ந்திருப்பதைப் பார்த்து, இவர்கள் குரங்கு மாதிரி முழங்காலை மடக்கிக்கொண்டே நடந்திருப்பார்கள் என்று சொன்னார்கள். அதே சாய்வு பஞ்சாபியர் காலிலும் இருந்தது. அவர்களோ நிமிர்ந்து ராணுவ நடை நடப்பவர்கள்!

ஆனால் சார்லஸும் ஓர் இடத்தில் சறுக்கினார். குந்தி உட்காரவே ஆரம்பிக்காத பச்சைக் குழந்தைகளின் எலும்பிலும் அந்த முகப்புகளைக் கண்டு, பெற்றோர் பழகியது பிள்ளைக்கு ரத்தத்தில் இறங்கிவிட்டது என்று முடிவுகட்டினார். வயிற்றுக்குள்ளே எந்த ஊர்க் குழந்தையும் காலை மடக்கித்தான் கிடக்கிறது. அது அவருக்குத் தோன்றவில்லை.

இந்தியர் எலும்புகளில் குந்தும் முகப்புகளை இந்தர்பீர் சிங் 1959-இல் மறுபடி விரிவாக ஆராய்ந்தார். மேற்கத்திய கழிப்பறை வந்து, டைனிங் டேபிள் வந்து, கேஸ் அடுப்பு மேடைமேல் ஏறிய பிறகு நம் கணுக்கால்களில் அவை என்ன ஆகும் என்பதை உங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்து டாக்டர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

லாகூரில் ஒருவர் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நம் பக்கத்தில் என்ன நடந்தது? தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் அங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். (சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் பிடித்த காலம் அது. உயிரோடிருந்தவர்களே எலும்பும் தோலுமாக நடமாடிய நேரத்தில், செத்தவர்களின் எலும்பு கப்பல் ஏறியது.) பிறகு அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டினார். தாழி தாழியாக வந்தன. இரும்பு, வெண்கலம், தங்க நெற்றிப்பட்டம், எலும்புகள்.

அந்த எலும்புகளில் அறிஞர் உலகம் ஆசையாக எடுத்துக்கொண்டது மண்டை ஓட்டை. சாலி சுக்கர்மன் என்ற புகழ்பெற்ற உடற்கூறு அறிஞர் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக 1930-இல் எழுதியதன் தலைப்பே 'ஆதிச்சநல்லூர் மண்டை ஓடுகள்' என்பதுதான். இவர் எந்த இனம்? ஆஸ்திரலாய்டா, மத்தியதரைக்கடல் வகையா? நீளத்தலையா, வட்டத்தலையா? அதே அருங்காட்சியகத்துக்கு 1908 வரை தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், உயிரோடிருப்பவர்களின் மூக்கையும் தலையையும் காலிப்பரால் அளந்துகொண்டு மாகாணம் முழுக்கச் சுற்றியவர். அதன் பயன்தான் 1909-இல் வந்த ஏழு தொகுதிகள். ஆக, உயிருள்ளவருக்கும் செத்தவருக்கும் ஒரே கேள்வி: நீ யார் வம்சம்? நீ என்ன செய்தாய் என்று கேட்க ஆளில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தொடையில் இருந்தது.

எனக்கு இதில் கோபம் உண்டு. முப்பது வருஷம் வரலாறு நடத்தியவன் என்பதால் சொல்கிறேன், நம் பாடப்புத்தகத்திலும் 'திராவிட இனத்தின் தலை அமைப்பு' மாதிரி வரிகளை நாங்கள் மாணவனாக இருந்தபோது மனப்பாடம் செய்தோம்.

கேள்வி மாறியது நாட்டு விடுதலைக்குப் பிறகுதான். கென்னத் கென்னடி என்ற அமெரிக்கர், கார்னெல் பல்கலைக்கழகம், இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்நாள் முழுக்கப் பழைய எலும்புகளோடு இருந்தவர். இலங்கையில் பெல்லன்பண்டி பலஸ்ஸ என்ற இடத்தில் தெரணியகல 1956-இல் தோண்டி எடுத்த கற்கால மனிதரை ஆராய்ந்தவர். கங்கைச் சமவெளியில், அலகாபாத் பல்கலைக்கழகத்தின் ஜி.ஆர். சர்மா குழு 1970-களில் தோண்டிய சராய் நஹர் ராய், மஹதஹா எலும்புகளையும் அவர் பார்த்தார். வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்த அந்த ஆண்களில் ஆறடியை ஒட்டிய உயரமானவர்கள் இருந்தார்கள். எலும்புகள் தடித்து, தசை ஒட்டிய இடங்கள் முரடாக இருந்தன. முழங்கையில் ஈட்டி எறிபவருக்கு வரக்கூடிய மேடு ஒன்றை அவர் கவனித்து 1983-இல் எழுதினார். தலையை அளந்த கண்கள் கைகாலுக்கு இறங்கி வந்த காலம் என்று இதைச் சொல்லலாம்.

தொடை எலும்புக்கு வருவோம். அதன் பின்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு வரம்பு ஓடும். லத்தீனில் லீனியா அஸ்பெரா, முரட்டுக் கோடு. தொடைத் தசைகள் பல அதில்தான் ஒட்டுகின்றன. சிலருக்கு அது தடவினால் மட்டும் தெரியும். சிலருக்கு வயல் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். இதைவிட முக்கியமானது குறுக்குவெட்டு. எலும்பின் நட்டநடுவில் சி.டி. ஸ்கேனில் வெட்டிப் பார்த்தால் ஒரு குழாய் தெரியும். அந்தக் குழாய் வட்டமா, முன்னும் பின்னும் நீண்ட முட்டை வடிவமா?

அடி ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கவைத்து அழுத்தினால் வளையும். விளிம்பில் நிறுத்தி அழுத்தினால் அசையாது. அழுத்தம் எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசையில் பொருள் நீண்டிருந்தால் வளையாது, அவ்வளவுதான் கணக்கு. ஓட்டமும் நெடுநடையும் மேடுபள்ளம் ஏறி இறங்குவதும் தொடை எலும்பை முன்னும் பின்னுமாக வளைக்கப் பார்க்கும். அப்படி வாழ்பவரின் எலும்பு அந்தத் திசையில் நீண்டு தன்னைக் காத்துக்கொள்ளும். உட்கார்ந்து வாழ்பவருடையது வட்டத்துக்குத் திரும்பும். கிறிஸ்டஃபர் ரஃப் என்பவர் 1987-இல் இதை வைத்து ஒரு அழகான விஷயத்தைக் காட்டினார். வேட்டையாடும் சமூகங்களில் ஆண் தொடைக்கும் பெண் தொடைக்கும் இந்த வடிவத்தில் வித்தியாசம் அதிகம்; ஆண்கள் தூரம் போனார்கள். விவசாயச் சமூகத்தில் வித்தியாசம் குறைகிறது. தொழிற்சாலைக் காலத்தில் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி உட்கார்ந்துவிட்டோம்!

2015-இல் வந்த இன்னொரு ஆய்வு அமெரிக்காவின் இலினாய் பகுதியைப் பற்றியது. சுமார் 7000 ஆண்டுக்கு முந்திய வேட்டைக்காரர்களையும் சுமார் 700 ஆண்டுக்கு முந்திய உழவர்களையும் ஒப்பிட்டார்கள். தொடை எலும்பின் உருண்டைத் தலைக்குள் இருக்கும் இழைகள் உழவர்களுக்குச் சுமார் 20 சதவீதம் குறைவு. உழவர்களுக்கே அப்படி என்றால் ஸ்கூட்டரில் காய்கறி வாங்கப் போகும் நம் கதியை நினைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் படித்ததிலிருந்து நம் ஊரில் நடப்பவர்களின் காலைப் பார்ப்பதே என் வேலையாகிவிட்டது. (வீட்டில் திட்டு விழுகிறது.) ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாளைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளைப் பாருங்கள். அந்த வாகனத்துக்குத் தோளுக்கினியான் என்று பெயர். பார்ப்பவருக்கு இனிமை, தோளில் காய்ப்பு. பாரத்தோடு நேராக நடந்தால் போதாது. வைகுண்ட ஏகாதசியன்று சிம்ம கதி, சர்ப்ப கதி என்று நின்று, பாய்ந்து, நெளிந்து நடக்க வேண்டும். சிறுவயதில் தொடங்கி இதைச் செய்பவரின் தொடை எலும்பில் முன்பின் வளைவும் முறுக்கும் இரண்டுமே விழும். மலைக்கோட்டையில் 400-க்கும் மேற்பட்ட படிகளைத் தினம் பூஜை சாமானோடு ஏறி இறங்குபவருக்கு வேறு கணக்கு. உறையூரில் குழித்தறியில் இடுப்பளவு பள்ளத்தில் கால் வைத்து மிதித்துக்கொண்டே ஆயுளைக் கழித்த நெசவாளிக்கு வேறு. குனிந்தபடி பின்னோக்கி நடந்து நாற்று நட்ட லால்குடிப் பெண்களுக்கு வேறு. நானூறு ஆண்டுக்கு மேல் மொட்டையாக நின்ற ராயகோபுரம் 1987-இல் 236 அடி ராஜகோபுரமாக எழும்பியபோது, சாந்துச் சட்டியோடு சாரத்தில் ஏறிய சித்தாள் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கும்பாபிஷேகப் படத்தில் அவர்கள் இல்லை.

சரி, அப்படியானால் ஒரு தொடை எலும்பைக் கையில் கொடுத்தால் "இவர் நெசவாளி" என்று சொல்லிவிடலாமா? கூடாது. இங்கேதான் லேத் பட்டறைக்காரர் கவனமாகக் கேட்க வேண்டும். போர்ச்சுகலில் பேரும் வயதும் தொழிலும் பதிவாகியிருக்கும் எலும்புக்கூடுகளின் சேகரிப்புகள் உண்டு. விடைத்தாளோடு வந்த வினாத்தாள் மாதிரி. அவற்றில் மேற்கை எலும்பின் தசை ஒட்டும் இடங்களை 2010-இல் சோதித்தபோது, முரட்டுத்தனத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் வயதுதான், தொழில் இல்லை என்று தெரிந்தது. இன்னொருவர் செம்மறி ஆடுகளை டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்தார். சும்மா நின்ற ஆடுகளுக்கும் நடந்த ஆடுகளுக்கும் தசை ஒட்டும் இடத்தில் வித்தியாசமே இல்லை. உடல் எடை, இடுப்பின் அகலம், சிறுவயதுச் சாப்பாடு, ஊர் சமவெளியா மலையா என்பதெல்லாம் எலும்பில் சேர்ந்தே எழுதப்படுகிறது. அதுவும் எலும்பு அதிகம் கேட்டுக்கொள்வது வளரும் வயதில். நாற்பதில் ஜிம்முக்குப் போனதை அது பெரிதாகக் குறித்துவைக்காது. பத்து வயதில் செங்கல் சூளைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையை நன்றாகக் குறித்துவைக்கும்.

ஆகவே மேற்பரப்பின் முரட்டுத்தனத்தைவிடக் குறுக்குவெட்டை நம்பலாம். ஒரு ஆளைவிட ஒரு கூட்டத்தை நம்பலாம். ஐம்பது பேரின் எலும்பு இருந்தால், இந்த ஊரில் ஆண்கள் எவ்வளவு நடந்தார்கள், பெண்கள் எவ்வளவு சுமந்தார்கள், மேல்சாதிக் குழியில் இருப்பவருக்கும் கீழ்க்குழியில் இருப்பவருக்கும் உழைப்பில் என்ன வித்தியாசம் என்று பேசலாம். ராபர்ட் ஜர்மெய்ன் என்ற அமெரிக்கர் 1999-இல், எலும்பை வைத்துக் கதை கட்டாதீர்கள் என்று ஒரு புத்தகம் முழுக்கத் திட்டியிருக்கிறார். நல்ல பரீட்சைத் தாள் திருத்துபவர் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஐம்பது பேர் நமக்குக் கிடைப்பார்களா என்பதுதான் பிரச்சினை. பழைய திருச்சி ஜில்லாவைச் சேர்ந்த சித்தன்னவாசல் பக்கம் கல்வட்டங்கள் உண்டு, தாழிகள் உண்டு. நம் மண்ணும் வெயிலும் எலும்பை அவ்வளவு காலம் விட்டுவைப்பதில்லை. அதற்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலோரை எரித்துவிட்டோம். புதைக்கும் வழக்கமுள்ள சமூகங்களின் இடுகாட்டை யாரும் தோண்டக் கூடாது, தோண்டவும் வேண்டாம். இன்னொரு பக்கம், 1985-இல் மத்திய அரசு தடை போடும் வரை, கல்கத்தா வழியாக ஏழை இந்தியர்களின் எலும்புக்கூடுகள் உலகமெங்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கு விற்பனையாயின. அவற்றில் சுமை தூக்கிய தொடைகள் எத்தனை இருந்திருக்கும்! பேர் இல்லாமல், ஊர் இல்லாமல், தொழில் இல்லாமல் வகுப்பறைக் கொக்கியில் தொங்கின.

ஸ்ரீரங்கம் கோயிலில் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24-ஆம் தொகுதி முழுக்க அவைதான். நிலம் கொடுத்தவர், விளக்கு வைத்தவர், பொன் வேய்ந்தவர் பெயர்கள் அதில் உண்டு. கல் சுமந்தவரின் முழங்காலை அதில் தேடிப் பயனில்லை.

என் அப்பா தபால்காரர். லால்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு சைக்கிளில் போய் வந்தவர், சைக்கிள் வாங்கும் முன் நடந்தே போனவர். ஓயாமாரியில் அவருடைய சஞ்சயனத்தன்று சாம்பலில் பால் தெளித்த பிறகு, அங்கே வேலை பார்க்கும் பெரியவர் ஒரு தடித்த துண்டை எடுத்து, "இது தொடைங்க, லேசுல வேகாது" என்று என் கையில் வைத்தார். சூடு முழுதாக ஆறவில்லை. அரைமணி நேரத்தில் அம்மா மண்டபத்தில் காவிரியில் விட்டோம்.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எந்த வயதில் வேலைக்குப் போனார்கள்? எவ்வளவு தூரம் நடந்தார்கள், செருப்போடா, வெறுங்காலிலா? எதைச் சுமந்தார்கள், தலையிலா, தோளிலா, இடுப்பிலா? எப்படி உட்கார்ந்து வேலை செய்தார்கள்? இப்போது எந்த மூட்டு வலிக்கிறது? 'விவசாயம்', 'இல்லத்தரசி' என்று ஒரு வார்த்தையில் எழுதினால் மார்க் கிடையாது. எழுதியதை எனக்கு அனுப்புங்கள், தொகுத்து வைக்கிறேன்.

காட்டுப்புத்தூர் அத்தை இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அத்தை, நீங்களே தொடங்கிவையுங்கள். உரலில் நெல் குத்தியபோது உலக்கையை ஒரே கையால் போட்டீர்களா, கை மாற்றி மாற்றியா? ஒரு நாளைக்கு எத்தனை மரக்கால்?